வாசலில் யாரையும் நிற்க வைக்காதவர்

எங்கள் விளம்பர அலுவலகத்தில் மாலை விளக்கை அணைக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கும். சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையைத் துடைக்க வேண்டும். எங்களிடம் விளம்பரம் கொடுத்திருந்த கடைகள், விடுதிகள், நாற்றுப் பண்ணைகளின் முகநூல் பக்கங்களையும் வாட்ஸ்அப் எண்களையும் நாங்கள்தான் கவனித்து வந்தோம். அங்கே மக்கள் கேட்ட கேள்விகளில் பதில் போகாதவை அந்தப் பலகையில் ஏறும். பதில் அனுப்பிய பிறகுதான் வரியை அழிக்கலாம். பலகை வெள்ளையானால்தான் வீட்டுக்குப் போகலாம். இந்தச் சட்டத்தைப் போட்டவர் அக்கா. அலுவலகமே அவருடையது என்பதால் எதிர்ப்பேச்சுக்கு இடமில்லை.

ஓசூரில் வெளியாட்களுக்கு அவர் மேடம். உள்ளே வேலை செய்த எங்களுக்கு அக்கா. நல்ல உயரம். நரையை மறைக்க மாட்டார். மூக்குக் கண்ணாடியை நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். கேள்வி ஒன்று வந்துவிட்டால் அந்தக் கண்ணாடி மூக்கில் ஏறும். அதன் பிறகு எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குத் தெரியாது. யாராவது ஒரு கேள்வியை நாளைக்குத் தள்ளப் பார்த்தால் ஒரே வசனம்தான்.

"கேட்டவங்கள வாசல்ல நிக்க வச்சிக்கினு உள்ள உக்காந்து சோறு தின்னுவியா நீ?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்பார். ஆனால் அதற்குப் பிறகு பையைத் தோளில் மாட்ட எனக்குக் கை வந்ததே இல்லை.

நான் அங்கே பேனர் வடிவமைக்கப் போனவன். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கணினி கற்றுக்கொண்டது கிருஷ்ணகிரியில். மஞ்சள் நீராட்டு விழா, கட்சிக்காரர் பிறந்தநாள், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று என்ன கேட்டாலும் அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுப்பேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. முன்பின் தெரியாத யாரோ கேட்கிற 'விலை என்ன', 'எங்கே இருக்கு' என்பதற்கெல்லாம் நான் உட்கார்ந்து பதில் தட்டுவதா என்று ஆரம்பத்தில் எரிச்சலாகவே இருந்தது. அக்காவிடம் அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ போட்ட பேனரைப் பார்த்துவிட்டுத்தானே அவன் கேட்கிறான், அப்படியானால் உன் பேனர் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறது என்றார்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருநாள் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பல வருடங்கள் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் வரவேற்பில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாராம். உள்ளே மிஷின் ஓட்டுகிறவர்களுக்கு அப்போது கையில் போன் கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல், அப்பா கீழே விழுந்துவிட்டார், ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று எல்லாச் சேதியும் இவர் காதுக்குத்தான் முதலில் வரும். 'ஷிஃப்ட் முடிந்ததும் சொல்கிறேன்' என்று வைத்துவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. இவர் எழுந்து உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து, அந்தப் பக்கம் காத்திருப்பவரிடம் 'சொல்லிட்டன்' என்று சொன்ன பிறகுதான் ரிசீவரை வைப்பாராம். அந்த வேலையை விட்டுச் சொந்தமாக விளம்பர அலுவலகம் ஆரம்பித்த பிறகும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இடம் சும்மா இருக்கக்கூடாது என்றுதானோ என்னவோ, கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

கேட்டால் பதில் சொல்வார், அதுவும் உள்ளதைச் சொல்வார். இரண்டும் சேர்ந்திருப்பதால் வருகிற தொல்லையை எங்களில் பலர் அனுபவித்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, புதிதாக வந்த போதகர், பிரசங்கம் எப்படி இருந்தது அம்மா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். முதல் பாதி நன்றாக இருந்தது, இரண்டாவது பாதியும் முதல் பாதியேதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எனக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டார் என்னைப் பற்றி விசாரிக்க அலுவலகத்துக்கே போன் போட்டார்கள். நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா கன்னடத்தில் பேசினார். நல்ல பையன், குடிக்க மாட்டான், கைவேலை சுத்தம் என்றதும் நிம்மதியானேன். அடுத்து, கோபம் வரும், காலையில் எழ மாட்டான், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். என் மனைவி இன்றைக்கும் காலையில் போர்வையை இழுக்கும்போது அக்காவைத்தான் சாட்சிக்கு அழைக்கிறாள்.

பேனர் தொழிலுக்கு நெருக்கடி வந்த காலத்தில்தான் அக்கா பெங்களூருவில் நடந்த ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனார். விளம்பர நிறுவனங்கள் இனிமேல் எப்படிப் பிழைப்பது என்பது பற்றிய வகுப்பு. இன்பவுண்ட் மார்க்கெட்டிங் என்ற சொல்லை எங்கள் அலுவலகத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோப்பும் கொண்டுவந்தார். மறுநாள் எங்களை உட்கார வைத்து விளக்கினார். இதுவரை நாம் ஆட்டோவில் மைக் கட்டிப் போய் வீட்டுக்குள் இருப்பவர்களைக் கத்திக் கூப்பிட்டோம். இனிமேல் அவர்களாகவே ஏதோ தேடி வருவார்கள். தேடி வருகிறவருக்கு வேண்டியதை முதலில் கொடுக்க வேண்டும், வாங்குவது அப்புறம். இதை எழுத்தாகவும் படமாகவும் போட்டு வைக்க, முகநூலும் யூடியூபும் இருக்கின்றன. பாடம் நடத்திய இளைஞர் கெட்டிக்காரர் என்று மனம் நிறையப் பாராட்டினார். ஆனால் வகுப்பு முடிந்தும் அக்கா அவரை விடவில்லை. சந்தேகம் சந்தேகமாக அனுப்பிக்கொண்டே இருந்தார். முதலில் பத்தி பத்தியாகப் பதில் வந்தது. பிறகு ஒற்றை வரி வந்தது. கடைசியில் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

அக்கா அந்தக் கட்டைவிரலைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கட்டைவெரல் காட்றதெல்லாம் ஒரு பதிலா? நம்ம ஆபீஸ்ல யாரும் இதப் போடக்கூடாது" என்றார். அன்றிலிருந்து அதுவும் சட்டம்.

வேலை செய்கிற முறையையே அவர் மாற்றிவிட்டார். புதிதாக ஒரு வாடிக்கையாளர் வந்தால், முன்பெல்லாம் நான் போய்ப் படம் எடுத்து வருவேன். இப்போது அக்கா போய் அந்தக் கடையில் ஒரு நாள் முழுக்க ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வருகிற சனம் என்ன கேட்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்பார். கிருஷ்ணகிரிக்கு வெளியே இருந்த ஒரு மா நாற்றுப் பண்ணைக்காரர், தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் போட்டால் போதும் என்று நினைத்து வந்தவர். இந்தம்மா என்ன வேவு பார்க்கிறதா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். அன்றைக்கு வந்த விவசாயிகளில் பாதிப் பேர் கேட்டது, பூ கொட்டுகிறதே ஏன் என்பதுதான். தள்ளுபடியை விட்டுவிட்டு, பூ ஏன் கொட்டுகிறது, என்ன செய்யலாம் என்று பண்ணைக்காரரையே பேச வைத்துச் சின்னச் சின்னப் படங்களாகப் போட்டோம். தமிழில் அவர் பேசினார், தெலுங்கு எழுத்து நான் போட்டேன், கன்னடத்தை அக்கா பார்த்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் ஆந்திரப் பக்கம் குப்பத்திலிருந்தும் கர்நாடகப் பக்கம் கோலாரிலிருந்தும் அவரிடம் ஆள் வந்தது. வந்தவர்கள் நாற்றும் வாங்கிப் போனார்கள்.

பெண்கள் விடுதி ஒன்றின் கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் வெளியூர்ப் பெண்கள் தங்குகிற இடம். அதன் முகநூல் பக்கத்தில் ஒரு பெண், இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து ராத்திரி வந்தால் கேட்டைத் திறப்பீர்களா என்று கேட்டிருந்தாள். நான் விடுதிக்காரருக்குப் போன் போட்டேன். திறப்போம் என்று போடச் சொன்னார். நானும் போடப் போனேன். அக்கா தடுத்துவிட்டு, வாட்ச்மேனிடம் நேரில் போய்க் கேட்டார். கேட்டைப் பூட்டிச் சாவியை முதலாளி எடுத்துப் போய்விடுவார் என்றார் வாட்ச்மேன். தாமதமாக வருகிற பிள்ளைகள் திண்டாடித்தான் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அக்கா விடுதிக்காரரிடம் சண்டை போடவில்லை. நீங்கள் சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கிற நாளில் 'திறப்போம்' என்று போடுகிறேன், அதுவரை 'திறக்க மாட்டோம்' என்றுதான் போட வேண்டியிருக்கும், எப்படி வசதி என்று கேட்டார். சாவி அன்றைக்கே வாட்ச்மேன் கைக்கு வந்தது. பிறகு ஊரில் நல்ல பெயர் எடுத்த விடுதி அது. பதில் நன்றாக இருக்க வேண்டுமானால் சரக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று பெங்களூருப் பாடத்தில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

இதனாலெல்லாம் ஓசூரில் ஒரு விஷயம் பரவியது. இந்த அலுவலகம் பார்த்துக்கொள்கிற பக்கத்தில் எழுதியிருந்தால் அது உண்மையாக இருக்கும் என்று சனம் நம்ப ஆரம்பித்தது. கேள்விகளே 'அக்கா' என்று ஆரம்பிக்கும். அந்த நம்பிக்கை பெருமையாக இருந்தது. பணமாக மாறத்தான் நாளெடுத்தது. பேனர் வேலை கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. நாற்றுப் பண்ணையும் விடுதியும் கொடுப்பதில் ஐந்து பேர் சம்பளம், வாடகை இரண்டும் ஓடாது. அக்கா எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. பெரிதாக ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் ஓடும், இல்லாவிட்டால் தீபாவளிக்கு மேல் எல்லோரையும் வைத்திருக்க முடியாது என்று நாங்கள் கேட்டபோது சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில் வந்தவர்தான் பிளாட் போட்டு விற்கிறவர். தேன்கனிக்கோட்டைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மேட்டு நிலத்தை வாங்கிக் கல் நட்டிருந்தார். விடுதியின் பக்கத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் இதே மாதிரி செய்யுங்கள் மேடம் என்று கேட்டு வந்தார். இருப்பதிலேயே பெரிய வாடிக்கையாளர் அவர்தான். அக்கா பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அங்கீகார உத்தரவையும் வாங்கி வரிவரியாகப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. மனை வாங்குகிறவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று தினம் ஒரு பதிவு போட்டோம். மக்கள் கூட்டமாக வந்தார்கள். தீபாவளிப் பயம் போய், எங்களில் ஒருவர் வண்டிக்குத் தவணை கூடப் போட்டுவிட்டார்.

ஒரு புதன்கிழமை பிளாட்காரரின் முகநூல் பக்கத்தில் ஒரு பெண் கேட்டிருந்தாள். சுயவிவரத்தில் அவள் முகம் இல்லை, ஒரு கைக்குழந்தையின் படம் இருந்தது. 'அக்கா நாங்க நாட்றாம்பாளையம். வீட்டுக்காரரு இங்க கம்பெனில இருக்காரு. இந்த எடத்துல தண்ணி இருக்குங்களா?' என்று எழுதியிருந்தாள். மலையோரத்தில் தண்ணீருக்கு நடந்தவள் வேறு என்ன கேட்பாள்?

அக்கா பிளாட்காரருக்குப் போன் போட்டார். அவர் ஒளிக்காமல் சொன்னார். போட்ட போர்கள் காய்ந்துவிட்டன. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் புதிதாக ஓர் இடம் காட்டியிருக்கிறார், திங்கட்கிழமை போர் போடுகிற வண்டி வருகிறது, நிச்சயம் தண்ணீர் விழும். அதுவரைக்கும் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் போட வேண்டாம், ஒரு நாலு நாள் பொறுத்தால் நல்ல பதிலாகவே போடலாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன். அக்கா போனை வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வண்டிக்குத் தவணை போட்டவரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

அன்று மாலை பலகையில் அந்த ஒரு வரி மிச்சம் இருந்தது. நாங்கள் பையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

"நீங்க கெளம்புங்க. அது இருக்கட்டும்" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒன்றை நாங்கள் கேட்டதே இல்லை. வியாழன் அது இருந்தது. வெள்ளி இருந்தது. சனிக்கிழமை அந்த வரியைச் சுற்றித் துடைத்துத் துடைத்து அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அக்கா பலகைக்கு முதுகு காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை என் வண்டியில் அவரை அழைத்துப் போனேன். போர் வண்டியின் சத்தத்தில் எதுவும் பேச முடியவில்லை. குழாய்க்கு மேல் குழாய் இறங்கியது. வெள்ளைக் கல் மாவாக மேலே வந்துகொண்டே இருந்தது. ஈரத்தின் நிறமே காணோம். தேங்காய் பார்த்தவர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தார். பிளாட்காரர் தலையில் கை வைத்துக் கல் மேல் உட்கார்ந்துவிட்டார். போர் வண்டியை நிறுத்தும் வரைக்கும் அக்கா வெயிலிலேயே நின்றார். முடி, புருவம், கண்ணாடி எல்லாம் தூசி. அப்படியே அலுவலகத்துக்குத் திரும்பினோம்.

முகம் கூடக் கழுவாமல் உட்கார்ந்து பதில் எழுதினார். இல்லை, இன்று போட்ட போரிலும் தண்ணீர் இல்லை, இப்போதைக்கு லாரித் தண்ணீர்தான், அதை யோசித்து முடிவு செய்யுங்கள். தமிழில் எழுதியதைக் கன்னடத்திலும் எழுதினார். தெலுங்கில் எழுத என்னைப் பார்த்தார். எழுதினால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதினேன். பலகையை அவரே துடைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வரி வந்தது. வெள்ளிக்கிழமையே பத்திரம் முடிந்துவிட்டது அக்கா என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் காலை பிளாட்காரர் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"மேடம், நான் உங்கள பொய் சொல்லச் சொன்னனா? சும்மா இருங்கன்னுதான சொன்னன்?"

அக்கா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். பிளாட்காரர் அன்றே பக்கத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். எங்கள் பதிலை எடுத்துவிட்டார். வேறு ஆளிடம் வேலையைக் கொடுத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், அந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் அக்கா. முகவரி கேட்டு வாங்கியிருந்தார். தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தவளுக்கு முதலில் புரியவில்லை. யாரென்று சொன்னதும், அக்காவா, நீங்களா என்று பதறிப் பாய் விரித்தாள். குழந்தை பாயில் தவழ்ந்து வந்து அக்காவின் கண்ணாடி நாடாவைப் பிடித்து இழுத்தது. அந்தப் பெண் டீ போட்டாள். அவள் கோபமாக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊரில் இருந்த நிலத்தையும் ஆடுகளையும் கொடுத்துத்தான் மனை வாங்கியதாகச் சொன்னாள். லாரியில் வாங்கிக் குடித்தாவது அங்கேயே வீடு கட்டிக்கொள்வோம், வாடகை மிச்சம்தானே என்று அவளே எங்களுக்குத் தைரியம் சொன்னாள்.

"பதில் வர்றதுக்குள்ள ஏம்மா அவசரப்பட்ட?" என்று அக்கா கேட்டார். 

அவள் தயங்காமல் சொன்னாள். "இல்லேன்னா அக்கா இல்லேன்னு ஒடனே சொல்லிடுவாங்க, சொல்லலன்னா இருக்குதுன்னுதான் அர்த்தம்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாருங்க. எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு."

அக்கா டீயைக் கையில் பிடித்தபடி இருந்தார். ஆடை படிந்துபோகும் வரைக்கும் குடிக்கவில்லை. வேறு யாராவது பதில் போடாமல் இருந்திருந்தால், சரி, கவனிக்கவில்லை என்று அவள் இன்னும் நாலு பேரிடம் கேட்டிருப்பாள். இத்தனை வருடம் உடனுக்குடன் பதில் சொல்லிச் சொல்லி அக்கா சேர்த்து வைத்த பெயர்தான் அந்த நாலு நாளும் அவருக்காகப் பேசியிருக்கிறது. நான் இதைப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். 

பத்திரத்தை ரத்து செய்ய வைக்க அக்கா அலையாத இடமில்லை. தாள்கள் எல்லாம் சரியாக இருந்ததால் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தீபாவளிக்குப் பிறகு நாங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினோம். வண்டிக்குத் தவணை போட்டவர் அதை ஓட்டிக்கொண்டே சிப்காட்டுக்கு வேலைக்குப் போனார். எனக்குப் பெங்களூருவில் பெரிய விளம்பர நிறுவனத்தில் இடம் கிடைத்தது. தினமும் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய் வருகிறேன். அங்கே சனம் கேட்கிற கேள்விக்கு மென்பொருள் பதில் சொல்கிறது. 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, எங்கள் பிரதிநிதி தொடர்புகொள்வார்' என்று நொடியில் போய்விடும். எங்கள் மேலாளருக்கு அந்த வேகத்தில் ரொம்பப் பெருமை. எந்தப் பிரதிநிதி என்று நான் ஒருதடவை கேட்டேன். அக்காவிடம் வேலை செய்தவன் கேட்காமல் இருக்க முடியுமா?

அக்கா அலுவலகத்தைச் சின்னதாக்கி வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தார். நாற்றுப் பண்ணையும் விடுதியும் அவரை விட்டுப் போகவில்லை. தன் பெயரில் ஒரு பக்கம் ஆரம்பித்து, ஓசூர் வட்டாரத்தில் வீடு தேடுகிறவர், வேலை தேடுகிறவர், மனை வாங்குகிறவர் கேட்கிறதுக்கெல்லாம் பதில் சொன்னார். ஒரே ஒரு மாற்றம் இருந்தது. தெரியாத கேள்வி வந்தால் விசாரித்துவிட்டுப் பதில் போடுவது முன்பு வழக்கம். இப்போது வந்த நிமிடமே, 'தெரியாது. நான் கேட்டுச் சொல்றவரைக்கும் பணம் கட்டாதீங்க' என்று போட்டுவிடுவார். அந்தப் பக்கத்தில் அதிகம் காணப்படும் வாக்கியம் அதுதான். நான் எப்போதாவது போனால், வேலை எப்படி இருக்கிறது என்று கேட்பார். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, கன்னடத்தில், "ஹௌதா?" என்பார். அப்படியா என்று அர்த்தம். நம்பாதபோதுதான் அவருக்குக் கன்னடம் வரும்.

இந்த வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. நினைவு நன்றாக இருக்கிறது, பேச்சுதான் திரும்புமா தெரியாது என்று மருத்துவர் சொன்னதாக அவர் மகள் போனில் சொன்னாள். கேள்விகள் வந்து குவிந்துகொண்டே இருக்கின்றன, அம்மா போனைப் பார்த்துப் பார்த்துக் கண்கலங்குகிறார், நீங்கள் வந்து ஓர் அறிவிப்புப் போட்டு அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள் அண்ணா என்று கேட்டாள். ஒரு ஞாயிறு மதியம் போனேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கழுத்தில்தான் தொங்கியது. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். போனைத் திறந்தேன். வந்திருந்தவற்றில் எல்லாவற்றுக்கும் மேலே, அன்று காலை வந்த செய்தி ஒன்று இருந்தது. சுயவிவரப் படத்தில் பள்ளிச் சீருடை போட்ட பிள்ளை. பெயரைப் பார்த்தேன், மனை வாங்கிய அந்த நாட்றாம்பாளையத்துப் பெண். அக்காவுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

'அக்கா, எங்க வீதிக்கு குழாய்த் தண்ணி வந்துடுச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சுங்க.'

அக்கா முகத்தைத் திருப்பினார். இடது கையை நீட்டினார். உங்களுக்குச் சிரமம் வேண்டாம், நான் ஒரு கட்டைவிரல் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். புருவத்தை நெரித்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. போனைக் கொடுத்துவிட்டேன். மகள் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினாள்.

இடது கை ஒற்றை விரலால் தடவித் தடவி எழுதினார். தப்பாக விழுந்ததை அழித்தார். மறுபடி எழுதினார். நெற்றியில் வியர்வை பொடித்தது. மகள் உதவப் போனபோது முழங்கையால் தள்ளிவிட்டார். எழுதி முடித்ததும் என் பக்கம் காட்டினார். ஒரே ஒரு வார்த்தை, கேள்விக்குறியோடு.

'தினமுமா?'

அனுப்பும் பொத்தானையும் அவரே அழுத்தினார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். மகள் காபி கொண்டுவந்தாள். அக்கா தொடவில்லை. இத்தனை காலம் யாரையும் வாசலில் நிற்க வைக்காதவர், அந்தப் பெண்ணின் வாசலில் போய் நின்றுகொண்டிருந்தார். நானும் கூட நின்றேன். பக்கத்தை மூடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

போன் ஒலித்தது. எனக்கு முன்னால் அவர் கை போய்விட்டது. எழுத்து தெளிவாகத் தெரியவில்லை போலும், என்னிடம் நீட்டினார். நான் படித்தேன்.

'ஒருநாள் உட்டு ஒருநாள் வருதுங்கக்கா. போதும்.'

அக்கா கையால் சைகை காட்டினார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. கடைசி வார்த்தையை இன்னொரு தடவை படிக்கச் சொல்கிறார். படித்தேன்.